பத்தாவது முடிச்சதும் ஏன் எல்லாரும் சயின்ஸ் குரூப் கேக்குறாங்க? பிளஸ் ஒன் சேர்க்கைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு என்ன?

திருவண்ணாமலை கிரிவலப் பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். பெரிய கோயிலிலிருந்து பார்த்தால் மலைக்கு அந்தப் பக்கம், மேற்கே இருக்கிறது அடி அண்ணாமலை. பௌர்ணமி இரவுகளில் கூட்டம் கடந்து போகும் ஊர். மற்ற நாட்களில், காலையில் பிள்ளைகள் யூனிஃபார்மோடு டவுனுக்குப் பஸ் ஏறும் ஊர்.

மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும், தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைப் போலவே இங்கேயும் வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான். "என்ன குரூப் எடுக்கப் போற?" மார்க் எவ்வளவு என்பதைவிட இந்தக் கேள்விக்கான பதில்தான் சொந்தக்காரர்களுக்கு முக்கியம். பெரும்பாலும் வரும் பதில்: பயோ மேக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ், இல்லையென்றால் பியூர் சயின்ஸ்.

15 வயதில், ரிசல்ட்டுக்கும் அட்மிஷனுக்கும் நடுவே கிடைக்கும் சில நாட்களில் எடுக்கப்படும் முடிவு இது. அடுத்து எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம் என்பதைப் பெரும்பாலும் இதுவே தீர்மானிக்கிறது. ஏன் அறிவியலும் கணிதமும் மட்டும் இப்படி முன்னால் நிற்கின்றன? ஆர்வமா, வேலையா, ஊர் பேச்சா?

"குரூப்" எப்போது வந்தது?

1978-க்கு முன்னால் தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பு 11-ம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி-யோடு முடிந்துவிடும். பிறகு ஒரு வருஷம் கல்லூரியில் பி.யு.சி. என்ன பாடம் படிப்பது என்ற கேள்வி கல்லூரி வாசலில்தான் வரும். கிராமத்துப் பிள்ளைகளில் பலர் அந்த வாசல் வரை போனதே இல்லை.

1978-ல் மேல்நிலைக் கல்வி வந்தபோது அந்தக் கேள்வி பள்ளிக்கூடத்துக்குள் இறங்கி வந்தது. கோத்தாரி கல்விக் குழு (1964-66) பரிந்துரைத்த 10+2+3 முறை இதுதான். அதே குழு, முதல் பத்து ஆண்டுகள் அறிவியலும் கணிதமும் எல்லாருக்கும் கட்டாயம் என்றும் சொன்னது. அதனால்தான் பத்தாவது வரை யாருக்கும் தப்பிக்க வழியில்லை. பிடிக்குதோ பிடிக்கலையோ, படித்தாக வேண்டும். பதினொன்றில்தான் முதல் முறையாக "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை கிடைக்கிறது. அந்த உரிமை கிடைத்தும் பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் திரும்பவும் அறிவியலையே எடுக்கிறார்கள் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய விஷயம்.

இது இந்தியா முழுக்க உள்ள பழக்கமும் இல்லை. கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயது உள்ளவர்களிடம் நடத்தப்பட்ட அசர் 2023 ஆய்வில், 11-ம் வகுப்பும் அதற்கு மேலும் படிப்பவர்களில் 55 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் கலைப் பிரிவில் இருப்பது தெரிந்தது. தமிழ்நாட்டில் நிலைமை நேர் எதிர். பிளஸ் டூ ரிசல்ட் வரும்போது பாடப்பிரிவு வாரியான பட்டியலைப் பார்த்தால் புரியும். அறிவியல் பிரிவுதான் பெரியது, அடுத்து வணிகவியல், கலைப் பிரிவு ரொம்பச் சின்னது.

பேச்சு வழக்கும் இதற்கு ஒரு காரணம். ஃபர்ஸ்ட் குரூப், செகண்ட் குரூப், தேர்டு குரூப் என்று நம்ம ஊரில் சொல்கிறோமே, அது பாடங்களுக்கு நாம் போட்ட ரேங்க். கணக்கு சேர்ந்தால் ஃபர்ஸ்ட், காமர்ஸ் என்றால் தேர்டு. "தேர்டு குரூப் எடுத்திருக்கேன்" என்று ஒரு பிள்ளை சொல்லும்போது, பாடத்தின் பேரைச் சொல்லாமலேயே தன்னை வரிசையின் கடைசியில் நிறுத்திக்கொள்கிறது.

திரும்பி வர முடியாத பாதை

அறிவியல் பிரிவை எடுப்பதற்குப் பெற்றோர் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. "சயின்ஸ் எடுத்தா எங்க வேணா போலாம்." இதில் நிறையவே உண்மை இருக்கிறது.

பயோ மேக்ஸ் படித்தவர் பிளஸ் டூவுக்குப் பிறகு பி.காம் சேரலாம், பி.ஏ தமிழ் சேரலாம், சட்டம் படிக்கலாம். ஆனால் காமர்ஸ் படித்தவர் பி.இ-க்கோ எம்.பி.பி.எஸ்-ஸுக்கோ நேராகப் போக முடியாது. பாதை ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கிறது. தன் எதிர்காலம் என்னவென்று தெரியாத 15 வயதுப் பிள்ளைக்கு, முடிவைத் தள்ளிப்போடும் வழியாக அறிவியல் பிரிவு ஆகிவிடுகிறது. நிறைய பேர் இயற்பியல்மேல் உள்ள ஆசையால் இயற்பியல் எடுப்பதில்லை. எதையும் இழந்துவிடக் கூடாது என்ற பயத்தில் எடுக்கிறார்கள்.

அடி அண்ணாமலை மாதிரி ஊரில் இந்தப் பயத்துக்கு நியாயமும் இருக்கிறது. கடை, ஆட்டோ, விவசாயம், கூலி வேலை என்று ஓடும் வீடுகளில் ஒரு பிள்ளை இரண்டு வருஷத்தை வீணாக்கினால் அதைத் தாங்கும் வசதி இல்லை. பணக்கார வீட்டுப் பிள்ளை தப்பான குரூப் எடுத்தாலும் அப்பா வேறு வழி பார்த்துக்கொள்வார்.

ஏன் கணக்கு மட்டும் ராஜா?

பொறியியல் கலந்தாய்வின் கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். கட்-ஆஃப் மொத்தம் 200. அதில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. அதாவது கணக்கில் எடுக்கும் ஒரு மார்க் அப்படியே ஒரு மார்க். இயற்பியலிலும் வேதியியலிலும் எடுக்கும் ஒரு மார்க் அரை மார்க்தான்.

ஒரு மாணவி கணிதம் 90, இயற்பியல் 74, வேதியியல் 80 எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்-ஆஃப்: 90 + 37 + 40 = 167. இன்னொருவர் கணிதம் 80, இயற்பியல் 84, வேதியியல் 90. அவருக்கும் 80 + 42 + 45 = 167. மூன்று பாடங்களையும் கூட்டினால் இரண்டாவது மாணவிதான் 10 மார்க் அதிகம். ஆனாலும் கட்-ஆஃப் ஒன்றுதான்.

இதில் இன்னொரு விஷயத்தையும் பலர் கவனிப்பதில்லை. நாலாவது பாடம் உயிரியலோ கம்ப்யூட்டர் சயின்ஸோ, அந்த மார்க் இந்த 200-க்குள் வராது. "பி.இ கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கணும்னா பிளஸ் ஒன்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கணும்" என்று ஊரில் சொல்வது சரியில்லை. பயோ மேக்ஸ் பிள்ளைக்கும் அதே வாய்ப்புதான்.

கணக்குக்கு இந்த மவுசு வந்ததற்குப் பின்னால் நாற்பது வருஷக் கதை இருக்கிறது. 1980-களின் நடுவில் தமிழ்நாட்டில் சுயநிதி பொறியியல் கல்லூரிகள் தொடங்கின. அதே காலத்தில் தொழிற்கல்விக்கு மாநில நுழைவுத் தேர்வும் வந்தது. நுழைவுத் தேர்வுக்கு டவுனுக்குப் போய் கோச்சிங் எடுக்க முடிந்தவர்களுக்கு அது வசதி. 2006-ம் ஆண்டு சட்டத்தால் அந்தத் தேர்வு ஒழிந்து, பிளஸ் டூ மார்க் மட்டுமே அளவுகோல் ஆனது. கல்லூரிகளின் எண்ணிக்கை ஒரு கட்டத்தில் 500-ஐத் தாண்டியது. 2010-11 முதல் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகையும் கிடைத்தது. கைநாட்டு வைத்த தாத்தாவின் பேரன் இன்ஜினியர் ஆன வீடுகள் திருவண்ணாமலை மாவட்டத்தில் எத்தனையோ. அந்தப் பேரனைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் தன் பிள்ளைக்கு வேறு எந்த குரூப் கேட்பார்?

அதே காலம்தான் வேலை இல்லாத இன்ஜினியர்களையும் உருவாக்கியது. ஆனால் ஜெயித்தவர் கதை பரவுகிற வேகத்தில் மற்றது பரவுவதில்லை.

பயோ மேக்ஸ்: இரண்டு கதவுக்கு ஒரே சாவி, அது அப்போ!

2006-க்குப் பிறகான அந்தப் பத்து வருஷத்தில் பயோ மேக்ஸ் உண்மையிலேயே கெட்டிக்காரத் தேர்வு. மருத்துவக் கட்-ஆஃபும் பொறியியல் மாதிரியேதான் இருந்தது: உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. ஒரே பிளஸ் டூ தேர்வில் இரண்டு கட்-ஆஃபும் கையில் வரும். டாக்டர் இல்லையென்றால் இன்ஜினியர்.

2017-ல் நீட் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்ததும் அந்தக் கணக்கு உடைந்தது. அந்த ஆண்டு பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்த அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவுக்கு, பழைய முறையில் எட்டிப் பிடித்திருக்கக்கூடிய மருத்துவ இடம் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனவர், 2017 செப்டம்பர் 1-ம் தேதி உயிரிழந்தார். தமிழ்நாட்டில் குரூப் தேர்வு என்பது வீட்டு விஷயம் என்பதைத் தாண்டி அரசியல் விஷயம் ஆனது அந்த நாளில்தான்.

இப்போது எம்.பி.பி.எஸ் இடத்துக்கு பிளஸ் டூ உயிரியல் மார்க் கட்-ஆஃப் ஆகாது. நீட் தேர்வின் 720 மார்க்கில் உயிரியலுக்கு 360, இயற்பியலுக்கு 180, வேதியியலுக்கு 180. கணக்கு கிடையாது. ஆக, டாக்டர் மட்டும்தான் இலக்கு என்று உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு கணிதம் ஒரு கூடுதல் சுமை. இன்ஜினியர் மட்டும்தான் என்று இருக்கும் பிள்ளைக்கு உயிரியல் ஒரு கூடுதல் சுமை. இரண்டையும் சுமந்துகொண்டு, மேலே நீட் கோச்சிங்கும் போகும் பிள்ளைதான் ரொம்பத் திணறுகிறது.

அதற்காக உயிரியல் மார்க்குக்கு மதிப்பே போய்விட்டது என்று நினைத்துவிட வேண்டாம். கால்நடை மருத்துவத்தில் மாநில இடங்களுக்கும், பி.எஸ்சி நர்சிங் போன்ற துணை மருத்துவப் படிப்புகளுக்கும் பிளஸ் டூ மார்க்தான் இன்னும் அளவுகோல். வேளாண்மைப் படிப்பும் பிளஸ் டூ மார்க் வழியாகத்தான். திருவண்ணாமலை மாவட்டத்திலேயே வாழவச்சனூரில் அரசு வேளாண் கல்லூரி இருக்கிறது. கடலையும் கரும்பும் போடும் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது பக்கத்து வீட்டுக் கதவு மாதிரி. ஆனால் குரூப் பேச்சில் அந்தப் பேர் எத்தனை வீட்டில் வருகிறது?

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன மாறியது?

2020-ல் வந்த சட்டப்படி, 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்ச்சி பெற்றவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைக்கிறது. 2021-ல் அதே 7.5 சதவீதம் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

அரசுப் பள்ளியிலிருந்து அறிவியல் குரூப் எடுப்பதற்கு இது பெரிய காரணமாகிவிட்டது. காசு இல்லை என்பதற்காக ஃபர்ஸ்ட் குரூப்பே வேண்டாம் என்று ஒதுங்கிய வீடுகள் இப்போது யோசிக்கின்றன.

ஆனால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் (2022 செப்டம்பர் முதல்), மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024 ஆகஸ்ட் முதல்) குரூப் பார்ப்பதில்லை. பி.ஏ வரலாறு படித்தாலும் உண்டு, டிப்ளமோ, ஐ.டி.ஐ படித்தாலும் உண்டு. "சயின்ஸ் எடுத்தாத்தான் பணம் வரும்" என்பது தவறான தகவல்.

பிடிக்கும், ஆனா நமக்கு இல்லை

ஆர்வத்துக்கு இதில் பங்கே இல்லையா? இருக்கிறது. ஆனால் ஆர்வம் மட்டும் போதாது என்கின்றன வெளிநாட்டு ஆய்வுகள்.

லண்டனில் லூயிஸ் ஆர்ச்சர் தலைமையில் 2009-ல் தொடங்கிய ஆஸ்பயர்ஸ் ஆய்வு, பிள்ளைகளின் ஆசைகளை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம் பிடித்திருந்தது. விஞ்ஞானி ஆக ஆசைப்பட்டவர்களோ கொஞ்சம் பேர்தான். வித்தியாசம் எங்கே வந்தது என்றால், அறிவியல் வேலையில் இருக்கும் ஒருவரைத் தெரிந்திருப்பது, வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு நடப்பது போன்ற விஷயங்களில். அந்த ஆய்வாளர்கள் இதை "அறிவியல் மூலதனம்" என்கிறார்கள்.

நார்வேயிலிருந்து ஸ்வைன் ஷோபெர்க் குழு பல நாடுகளில் நடத்திய ரோஸ் ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. வளர்ந்த நாடுகளைவிட, வளரும் நாட்டுப் பிள்ளைகளுக்குத்தான் அறிவியல் கற்கும் ஆசை அதிகம். வறுமையிலிருந்து வெளியே வரும் வழியாக அறிவியலைப் பார்க்கும் நாடுகளில் இது ஆச்சரியமில்லை.

இந்த இரண்டையும் சேர்த்து நம்ம ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். ஆசை இருக்கிறது. தெருவில் ஒரு நர்ஸ் இருப்பார், ஒரு ஐ.டி ஊழியர் இருப்பார். ஆராய்ச்சியாளர் இருக்க மாட்டார். அதனால் அறிவியல் குரூப் என்றாலே டாக்டர், இன்ஜினியர், நர்ஸ் என்று சுருங்கிவிடுகிறது. இத்தனைக்கும் ஜவ்வாது மலையில், காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. வைனு பாப்புவின் பேர் கொண்ட அந்த வானியல் ஆய்வு மையம், ஒருகாலத்தில் ஆசியாவின் பெரிய தொலைநோக்கியை வைத்திருந்த இடம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில்

அசர் 2023 ஆய்வின்படி, 11-ம் வகுப்புக்கு மேல் படிக்கும் கிராமப்புறப் பையன்களில் 36.3 சதவீதம் பேர் அறிவியல், தொழில்நுட்பம் சார்ந்த பிரிவில் இருக்கிறார்கள். பெண் பிள்ளைகளில் 28.1 சதவீதம். அதே சமயம், 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க அறிவியல் பட்டப் படிப்புகளில் படிப்பவர்களில் 52.1 சதவீதம் பெண்கள். பொறியியல் என்று வந்தால் 2020-21 கணக்கின்படி சுமார் 29 சதவீதம்தான்.

அறிவியலுக்கு அனுப்புகிறார்கள், பொறியியலுக்குத் தயங்குகிறார்கள். கட்டணம், விடுதி, தூரம் எல்லாம் இதில் உண்டு. பிளஸ் ஒன் நிலையில் தூரம் இன்னும் பெரிய விஷயம். எல்லாப் பள்ளியிலும் எல்லா குரூப்பும் இருப்பதில்லை. கேட்கும் குரூப் இல்லையென்றால் பையன் இன்னொரு பஸ் மாறிப் போவான். பெண் பிள்ளைக்கு, பக்கத்துப் பள்ளியில் என்ன இருக்கிறதோ அதுவே "விருப்பப் பாடம்" ஆகிவிடும்.

எங்கே தடுக்கி விழுகிறார்கள்?

பத்தாவதில் அறிவியல் ஒரே பாடம், 100 மார்க். பதினொன்றில் அதே அறிவியல் இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று பிரிந்து, இரண்டு தொகுதிப் புத்தகங்களாக வந்து நிற்கிறது. உயிரியல் என்பதே தாவரவியல், விலங்கியல் என்று இரண்டு. 2018-19 முதல் வந்த புதிய பாடத்திட்டம் முன்பைவிடக் கனமானது. பத்தாவதில் மனப்பாடம் செய்து கணக்கில் 80 வாங்கிய பிள்ளை, வகைநுண்கணிதம் வந்ததும் திகைத்துப்போவது இதனால்தான்.

இதையும் மீறி சில பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தையே நடத்தாமல் இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடம் நடத்தினார்கள். அதைத் தடுக்கத்தான் 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத் தேர்வு வந்தது. 2025-ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கைக்குப் பிறகு, 2025-26 முதல் அந்தப் பொதுத் தேர்வு கைவிடப்பட்டுள்ளது. தேர்வு இல்லை என்பதால் பதினொன்றை லேசாக எடுத்துக்கொண்டால், அடி விழுவது பன்னிரண்டில். நீட், ஜே.இ.இ இரண்டுமே பதினொன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்தும் கேட்கின்றன.

குரூப் தவறினால் எல்லாம் போச்சா?

இல்லை. பி.வீரமுத்துவேலைப் பாருங்கள். 2023 ஆகஸ்ட் 23-ம் தேதி நிலவின் தென் துருவப் பகுதிக்கு அருகே இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர். பக்கத்து மாவட்டமான விழுப்புரத்துக்காரர். அங்கே ரயில்வே பள்ளியில் படித்தவர், பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, பி.இ, எம்.இ என்று போய், சென்னை ஐ.ஐ.டி-யில் முனைவர் பட்டம் வாங்கினார்.

அந்த வழி இன்றும் இருக்கிறது. பத்தாவது மார்க்கை வைத்து மூன்று வருஷ டிப்ளமோ சேரலாம். முடித்தால் பி.இ இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர விண்ணப்பிக்கலாம். கணிதத்தோடு பி.எஸ்சி முடித்தவர்களுக்கும் இந்த நேரடி இரண்டாம் ஆண்டு வழி உண்டு. சென்னை ஐ.ஐ.டி 2020-ல் தொடங்கிய தரவு அறிவியல் பி.எஸ் படிப்புக்கு, பிளஸ் டூவில் எந்த குரூப் படித்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம். பத்தாவதில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும், தகுதித் தேர்வு ஒன்றைத் தாண்ட வேண்டும். மருத்துவத்திலும், உயிரியலைக் கூடுதல் பாடமாகத் தனியே படித்து முடித்தவர்கள் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது.

டி.என்.பி.எஸ்.சி குரூப்-1, குரூப்-2, யு.பி.எஸ்.சி ஆகியவற்றுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். சி.ஏ-வுக்கு காமர்ஸ்தான் படித்திருக்க வேண்டும் என்பதும் கிடையாது.

அட்மிஷன் ஃபார்மில் டிக் அடிக்கும் முன்னால் பிள்ளையிடம் கேட்க வேண்டியது "டாக்டரா, இன்ஜினியரா?" என்பதைவிட, "பத்தாவது கணக்குப் புத்தகத்தில் எந்தப் பாடத்தை யாரும் சொல்லாமலே போட்டுப் பார்த்த?" என்பதுதான். அதற்குப் பதில் வந்தால் கணிதம் எடுக்கட்டும். பதில் வராமல், செடி கொடி, உடம்பு, நோய் பற்றிப் பேச ஆரம்பித்தால் பியூர் சயின்ஸ் இருக்கிறது. இரண்டுக்கும் முகம் சுளித்தால் காமர்ஸ் ஒன்றும் தண்டனை இல்லை.

சேர்ந்த பிறகு ஒத்துவரவில்லை என்றால், முதல் சில வாரங்களிலேயே தலைமை ஆசிரியரைப் பார்க்க வேண்டும். இடம் காலியாக இருந்தால் மாற்றித் தர வாய்ப்பு உண்டு. காலாண்டுத் தேர்வு தாண்டிவிட்டால் கஷ்டம். உயர்கல்வி வழிகாட்டுதல் உள்ளிட்ட சந்தேகங்களுக்குப் பள்ளிக்கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணுக்கும் பேசலாம்.